நெஞ்சு என்று சொன்னதில்

நகராட்சி மண்டபத்துக்குப் பின்னால், கார் விடுகிற இடத்தில்
செவ்வாய் தொடக்கம் ஒரு வெள்ளை பஸ் நிற்கிறது.
எங்கும் போகாத பஸ்.
ஐம்பது தாண்டிய பெண்களை ஒவ்வொருவராக ஏற்றி
கால் மணித்தியாலத்தில்
ஏறின இடத்திலேயே இறக்கிவிடும்.

ஸோஸ்ட் நகரில் கார்த்திகை மழை.
பச்சைக்கல் கோபுரம் நனைந்து
இன்னும் பச்சையாகிக்கொண்டிருக்கிறது.
நான் மொழிபெயர்ப்பவள். மணிக்கு இவ்வளவு,
ரயில் காசு தனி.
கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று
கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆனாலும் போன வருடம் வரை
குறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.
"நெஞ்சைப் படம் எடுப்பினம் அக்கா" என்பேன்.
நெஞ்சு நல்ல சொல். சேலை கட்டிய சொல்.
கோயில் வாசலிலும் சொல்லலாம்,
மருமகனுக்கு முன்னாலும் சொல்லலாம்.

தவலோஜினி அக்காவும் அதைத்தான் சொன்னா:
"நெஞ்சில என்னவோ செய்யுது."
கூடப் போனது அபிஷன். பதின்மூன்று வயது.
கணக்குப் பாடத்தை விட்டுவிட்டுப் போனான்.
அவன் ஜெர்மனில் ஒரு பிழையும் இல்லை.
ப்ருஸ்ட் என்றான்.
அந்த மொழியும் எங்களைப் போலவே
ஒரு சொல்லுக்குள் இரண்டையும் ஒளித்து வைத்திருந்தது.

டொக்டர் காதில் குழாயை மாட்டினார்.
தாளில் கோடு கோடாக இதயம் வந்தது.
சைக்கிள் மிதிக்க வைத்தார்கள்.
ஒரு பெட்டியை இடுப்பில் கட்டி
ஒரு பகலும் ஒரு இரவும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.
"அம்மா, உங்கட இதயம் குதிரை மாதிரியாம்!"
பொடியன் சிரித்தான். அவவும் சிரித்தா.
குளிக்கும்போது கை போய் நிற்கிற இடம்
இதயம் இல்லை என்று
அவவுக்குத் தெரியும்.
அதை மகனின் வாயில் எப்படி வைப்பது?

மாசி. பங்குனி. சித்திரை.
வைகாசியில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இருக்கிறா. இடப்பக்கம் இல்லை.
வார்டுக்கு வெளியே, காசு போட்டால் கோப்பி தரும் மெஷினுக்குப் பக்கத்தில்
அபிஷன் என்னிடம் கேட்டான்:
"நான் பிழையாச் சொல்லிட்டேனா அன்ரி?"
இல்லை, நீ சொன்ன சொல் சரி என்றேன்.
கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.
அவன் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான்.
கோப்பி ஆறிப்போய்க் கிடந்தது.

அழைப்புக் கடிதம் எல்லாருக்கும் வருகிறது,
இரண்டு வருடத்துக்கு ஒருக்கா.
காசு இல்லை, கட்டாயமும் இல்லை.
ஜெயசோதி அக்கா அதைக் கரண்ட் பில் என்று நினைத்து
பீட்சாக் கடைத் தாள்களோடு லாச்சிக்குள் வைத்திருந்தா.
கண்டுபிடித்து, திகதி பார்த்து,
கையில் பிடித்துக் கூட்டி வந்தது தவலோஜினி அக்கா.
இப்போது பஸ் படிக்குக் கீழே
அடுத்தவளின் மழைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு
குடை இல்லாமல் நிற்கிறா.

உள்ளே ப்ரூன்ஸ் அம்மையார் கைகளை உரசிச் சூடாக்குகிறார்.
தட்டு குளிரும் என்கிறார். அழுத்தும் என்கிறார்.
நான் ஒரு மூச்சு எடுத்து,
இருபது வருடம் வாயில் வராத சொல்லைச் சொல்கிறேன்.
முலை.
"வலது முலையை இதில வையுங்கோ அக்கா.
இப்ப மூச்சைப் பிடியுங்கோ."
ஜெயசோதி அக்கா என்னை ஒருமுறை பார்த்தா.
பிறகு, ஏதோ கதவைத் தள்ளுவதுபோல
முன்னால் ஒரு அடி வைத்தா.

"ரொட்டி தட்டுற மாதிரியெல்லே தட்டுறாளவை!"
இறங்கும்போது இரைந்து சொன்னா.
முடிவு தபாலில் வரும்.
வரும்வரை அது ஒரு வெறும் கடிதம்,
நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

தவலோஜினி அக்கா கோட்டைக் கொடுத்துவிட்டு
என் பக்கம் திரும்பினா.
"என்னெண்டு சொன்னனி அவவுக்கு?"
சொன்னேன்.
"மற்றவைக்கும் கேட்டிருக்குமோ?"
"கதவு திறந்துதான் கிடந்தது அக்கா."

"ம்" என்றா.
பஸ்ஸின் கூரையிலிருந்து மழை
ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.